மேசைவிசிறியின் மூன்றாம் எண்

லைட்டர் வேண்டும் என்றவனிடம்
எந்தக் காற்றுக்கு என்று கேட்டார் பெஹ்ரூஸ்.
ராஸ் அல் கைமாவில் இப்படிக் கேட்கிற கடை
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கல் ஏற்றும் துறைமுகம், ஏழாம் பெர்த் என்றேன்.
கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறதென்று
அதன் விலாவில் எழுதிய எண்களைப் படிப்பது என் வேலை.
படித்து முடித்தால் ஒரு பைப்.
அதற்குத்தான் தீ நிற்க மாட்டேன் என்கிறது.

ஷமாலா?
ஷமால்தான்.

அரபியில் ஷமால் என்றால் வடக்கு.
வடக்கிலிருந்து வருவது வாடை என்றெழுதி
எட்டாம் வகுப்பில் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
அந்த வாடையில் தலைவி மெலிவாள்,
தலைவன் பாசறையில் விழித்திருப்பான்.
இந்த வாடையில்
பல்லிடுக்கில் சுண்ணாம்புக்கல் தூள்.

கல்லாவை ஒட்டியிருந்த மேசைவிசிறியை
என் பக்கம் திருப்பினார்.

ஒன்றாம் எண்.
சிவப்பு பிளாஸ்டிக், இரண்டு திர்ஹம்:
சுடர் தலை குனிந்து
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டது.

இரண்டாம் எண்.
மூடி திறக்கையில் டிக் என்னும் எஃகுப் பெட்டி.
நின்றது. அழகாகவே நின்றது.
முதல் இழுப்பில் பெட்ரோல் மணக்கும், என்றார்,
இரண்டாவதிலும் மணக்கும்,
மூன்றாவதை நீங்களே இழுக்க மாட்டீர்கள்.

மூன்றாம் எண்.
ஜெட். நீலச் சீறல்.
விசிறி என்று ஒன்று இருப்பதையே
அது கவனிக்கவில்லை.
இதையே கொடுங்கள் என்றேன்.

பெஹ்ரூஸ் தன் பைப்பை எடுத்துக் காட்டினார்.
விளிம்பில் ஒரு பக்கம்
எலி கொறித்தது போலக் கரிந்த பள்ளம்.
எட்டு மாதம் ஜெட் வைத்திருந்தேன், என்றார்.
புகையிலையைப் பற்றவைக்கச் சொன்னால்
மரத்தைப் பற்றவைக்கும்.
அதோ, மித்வாக் பிடிக்கிற பையன்கள் வாங்கட்டும்.
அவர்களுக்கு ஒரே இழுப்பு, தலை சுற்றல், முடிந்தது.
உங்களுக்கு முக்கால் மணி நேரம் இருக்கிறது.

கடைசியாக ஒரு பித்தளை.
எழுபத்தைந்து திர்ஹம், பேரம் கிடையாது.
சுடர் மேலே போகாது, பக்கவாட்டில் சாயும்,
கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்கும்
மஞ்சள் மூக்கு.
ஒன்றில் நின்றது. இரண்டில் தள்ளாடியது.
மூன்றுக்குக் கை போகும் முன்
விசிறியையே அணைத்துவிட்டார்.

மூன்றுக்கு என்ன செய்ய?
முதுகு, என்றார்.

துறைமுக வாசலில் லைட்டரைக் கொடுத்து
டோக்கன் வாங்க வேண்டும், பத்தொன்பது.
புகைக்கும் கொட்டகை வாசலுக்கு வெளியே.
மூன்று பக்கம் தகரச் சுவர்,
திறந்த பக்கம் வடக்கு.
கட்டியவருக்குப் புகைப்பழக்கம் இல்லை.

முதுகைக் கொடுத்தேன்.
நாலு தடவைக்கு ஒன்று பற்றியது.
ஐந்தாம் நாள்தான் உறைத்தது:
அலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்,
எண்ணைப் படிக்கிறவன் காத்திருப்பான்.
எப்போதோ ஒரு மூச்சு நேரம்
தண்ணீர் ஓர் எண்ணில் நிற்கும். அதை எழுத வேண்டும்.
காற்றுக்கும் அப்படி ஒரு நிற்றல் இருக்கிறது.
கட்டைவிரலை உருளையில் வைத்துக்கொண்டு
வடக்கைப் பார்க்காமல் வடக்கைக் கேட்டேன்.
இப்போது.
கிண்ணம் முழுதும் ஒரே சிவப்பாக,
விளிம்பு கரியாமல்.

அன்று ஏழாம் பெர்த்தில் நின்ற கப்பலுக்கு
இரண்டு சென்டிமீட்டர் தப்பாகப் படித்தேன்.
அது வேறு கதை.

ஊருக்குப் புறப்பட்ட இரவு
பைப் பெட்டிக்குள் வந்தது,
பித்தளையை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.
வாசல் காவலர் தில் பகதூரிடம்
டோக்கன் இல்லாமலே கொடுத்துவிட்டுப் போனேன்.

நாற்பது நாள் கழித்து வந்தால்
லைட்டரில் காஸ் இல்லை.
பீடிக்குத்தான் சார், என்றார்,
நேராகப் போகும் என்று நினைத்துவிட்டேன்.

மீசை இடது பக்கம் மட்டும்
குட்டையாக இருந்தது.